ஏமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்கள்?

(கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆங்கில ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'டிசப்பாயின்ட்மென்ட்' என்பது அந்தச் சொல். அதைச் சுற்றிப் புழங்கும் வேறு சில சொற்களையும் சேர்த்துப் பார்ப்போம். நம் வகுப்புகளில் இவற்றை எப்படிச் சொல்லித் தருகிறோம்? கரும்பலகையில் வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே 'ஏமாற்றம்' என்று ஒரே பொருளைப் போட்டுவிடுகிறோம். தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்க அது போதும். அதே மாணவர் நாளைக்கு ஒரு கடிதம் எழுதும்போதும், நேர்காணலில் பேசும்போதும், தனக்கு நேர்ந்ததை உள்ளபடி சொல்ல அது போதாது. இந்தச் சொற்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு எது என்று கண்டுகொண்டால்தான் சரியான சொல் வாயில் வரும். நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

வரைபடத்தில் ஒரு சொல்

இதைப் புரிந்துகொள்ள அகராதியைவிட உலக வரைபடம் நன்றாக உதவும். 'டிசப்பாயின்ட்மென்ட்' என்ற பெயரைத் தாங்கிய இடங்கள் உலகில் பல உண்டு. நான்கை மட்டும் சொல்கிறேன்.

1765ஆம் ஆண்டு ஜான் பைரன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி பசிபிக் பெருங்கடலில் சிறு தீவுகளைக் கண்டார். அவருடைய கப்பலில் ஸ்கர்வி நோயால் வாடிய மாலுமிகள் இருந்தார்கள். கரையில் இறங்கினால் பச்சைக் காய்கறியும் தேங்காயும் கிடைக்கும், நோயாளிகள் பிழைப்பார்கள் என்று நம்பினார். நங்கூரமிட இடம் அமையவில்லை. அந்தத் தீவுகளுக்கு 'டிசப்பாயின்ட்மென்ட் தீவுகள்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்.

1775 ஜனவரியில் ஜேம்ஸ் குக் தென் அட்லாண்டிக்கில் ஒரு பனிக்கரையை ஒட்டிக் கப்பல் செலுத்திக்கொண்டிருந்தார். தெற்கே ஒரு பெருங்கண்டம் இருக்கிறதா என்று தேடிவந்த பயணம் அது. கரையின் தென்முனையை அடைந்தபோது நிலம் வளைந்து திரும்பியது. கண்டமாக இருக்கலாம் என்று நினைத்தது வெறும் தீவு. இன்று தெற்கு ஜார்ஜியா என்று அழைக்கப்படும் அந்தத் தீவின் முனைக்கு 'டிசப்பாயின்ட்மென்ட் முனை' என்று பெயரிட்டார்.

1788இல் ஜான் மியர்ஸ் என்ற வணிகர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸ்பானியர்கள் முன்பே குறித்துவைத்திருந்த ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடினார். மணல்திட்டின் மேல் அலைகள் சீறி உடைவதைப் பார்த்து, ஆறே இல்லை என்று முடிவுகட்டினார். அங்கிருந்த நிலமுனைக்கு 'டிசப்பாயின்ட்மென்ட்' என்றும், எதிரே இருந்த விரிகுடாவுக்கு 'டிசெப்ஷன்', அதாவது வஞ்சனை, என்றும் பெயர் வைத்தார். ஆனால் ஆறு அங்கேயேதான் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1792இல், ராபர்ட் கிரே என்ற அமெரிக்கர் அதே மணல்திட்டைக் கடந்து உள்ளே சென்றார். அவருடைய கப்பலின் பெயரால் இன்று அது கொலம்பியா ஆறு.

நான்காவது, மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலம். 1897இல் ஃபிராங்க் ஹான் என்பவர் ஓடைகள் ஒரே திசையில் உள்நோக்கி ஓடுவதைப் பார்த்து, முடிவில் ஒரு பெரிய நன்னீர் ஏரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கண்டது உப்பு ஏரி. 'டிசப்பாயின்ட்மென்ட் ஏரி' என்றார். அந்த நிலத்துக்குரிய மார்டு மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகக் கும்புபின்டில். அவர்கள் அதனிடம் நன்னீரை எதிர்பார்த்துப் போனவர்கள் இல்லை. 2020இல் அரசும் அதைக் கும்புபின்டில் ஏரி என்றே அதிகாரபூர்வமாக மாற்றியது.

இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஏரியிலும் முனையிலும் ஏமாற்றம் எதுவும் இல்லை. ஒருவர் எதையோ நம்பி, உழைத்து, தேடிப் போகிறார். கண்டது வேறாக இருக்கிறது. அந்த இடைவெளிக்குத்தான் பெயர் 'டிசப்பாயின்ட்மென்ட்'. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையே கிடையாது. ஒருவருக்குத் துக்கம் வரலாம், வலி வரலாம், கோபம் வரலாம். முன்னதாக ஒரு நம்பிக்கை இருந்தால் மட்டுமே டிசப்பாயின்ட்மென்ட் வரும்.

சொல்லின் பிறப்பும் இதையே சொல்கிறது. பழைய பிரெஞ்சிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, பதவியில் அமர்த்தப்பட்டவரை அதிலிருந்து இறக்குவது என்பதுதான் இதன் பொருள். நமக்குப் பழக்கமான 'அப்பாயின்ட்' உள்ளே இருப்பது அதனால்தான். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் தந்தையின் ஆவி இந்தச் சொல்லை 'ஆயத்தமில்லாத' என்ற பொருளில் சொல்கிறது. உறுதி என்று நினைத்த இடம் பறிபோவது என்ற கரு மட்டும் மாறாமல் நின்று, மெல்ல மெல்ல இன்றைய பொருள் அமைந்தது.

ரோஜே வைத்த இடம்

ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்றதும் தமிழர்களுக்கு நிகண்டு நினைவுக்கு வரும். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளில் தொகுத்து, மனப்பாடம் செய்யத் தந்தன. ஆங்கிலத்தில் அதற்கு நெருக்கமான பணியைச் செய்தவர் பீட்டர் மார்க் ரோஜே. தொழிலால் மருத்துவர். 1805லேயே தன் சொந்த உபயோகத்துக்காகச் சொற்பட்டியல் தொகுக்கத் தொடங்கியவர், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1852இல், 'தெசாரஸ்' என்ற பெயரில் அதை நூலாக வெளியிட்டார்.

அவர் சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. கருத்துகளின் வரிசையில் அடுக்கினார். அந்த வரிசையில் 'டிசப்பாயின்ட்மென்ட்' எங்கே இருக்கிறது தெரியுமா? 1911ஆம் ஆண்டுப் பதிப்பில் 509ஆம் தலைப்பு. 507 எதிர்பார்ப்பு, 508 எதிர்பாராமை, 509 ஏமாற்றம். இவை மூன்றும் அறிவு பற்றிய பகுதியில் வருகின்றன. துயரம், மனக்குறை, நம்பிக்கையின்மை எல்லாம் வெகு தூரத்தில், உணர்ச்சிகள் பற்றிய பகுதியில், எண்ணூறுகளில் இருக்கின்றன. ரோஜேயின் கணக்கில் ஏமாற்றம் என்பது முதலில் ஒரு கணிப்பு பிழைத்துப்போவது. மனம் வாடுவது அதன் பின்விளைவு. ஒரு மருத்துவரின் கூர்மை இதில் தெரிகிறது.

அவர் நோக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். கருத்து மனத்தில் இருக்கிறது, சொல் வரவில்லை என்று தவிப்பவருக்காக அந்த நூலைச் செய்தார். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்துவதற்காகச் செய்யவில்லை. நம் மாணவர்கள் கைப்பேசியில் ஒரே தட்டலில் இருபது சொற்களைப் பெற்று, பார்க்கப் பெரிதாக இருப்பதை எடுத்துக் கட்டுரையில் வைக்கிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

மூன்று கேள்விகள்

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் எதிர்பார்த்தது என்ன? அது நடக்காததற்கு யார் பொறுப்பு? வழி இன்னும் திறந்திருக்கிறதா?

முதல் கேள்வி. ஒரு முடிவை எதிர்பார்த்தோம், அது வரவில்லை என்றால் 'டிசப்பாயின்டட்' சரி. ஆனால் நாம் நம்பிய அடிப்படையே தவறு என்று தெரியவந்தால், ஒரு தலைவர் மீதோ இயக்கத்தின் மீதோ வைத்த மதிப்பே கலைந்துபோனால், அதற்குச் சொல் 'டிஸில்லூஷன்ட்'. மாயை நீங்கியவர் என்று பொருள். தேர்தலில் தன் கட்சி தோற்றால் தொண்டர் டிசப்பாயின்டட். வென்ற பிறகு கட்சி தன் கொள்கையைக் கைவிட்டதைப் பார்த்தால் டிஸில்லூஷன்ட். முன்னவர் அடுத்த தேர்தலுக்கு வருவார். பின்னவர் வருவது சந்தேகம்.

இரண்டாவது கேள்வி, பொறுப்பு. மழை பெய்து ஆட்டம் நின்றுபோனால் யாரையும் குறைசொல்ல முடியாது. டிசப்பாயின்டட் என்று மட்டும் சொல்லலாம். வருகிறேன் என்று சொன்ன நண்பர் வராமல் போனால் 'லெட் டவுன்' என்கிறார்கள். நம்பியவர் கைவிட்டார் என்ற குறிப்பு அதில் உண்டு. திட்டமிட்டே வஞ்சித்தார் என்றால்தான் 'சீட்டட்', 'டிசீவ்ட்'. இங்கே நம்மவர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் 'ஏமாந்துவிட்டேன்' என்பது இரண்டுக்கும் பொருந்தும். பேருந்து வராமல் ஏமாந்தவரும் உண்டு, சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தவரும் உண்டு. அதனால் நம் மாணவர்கள் ஏமாற்றத்தைச் சொல்ல நினைத்து 'சீட்டட்' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சில் 'தெசெப்ஸியோன்' என்றால் ஏமாற்றம். அதே சொல்லின் ஆங்கில வடிவமான 'டிசெப்ஷன்' என்றால் வஞ்சனை. பிரெஞ்சு மாணவர்களும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள்.

பொறுப்பு நம்முடையதே என்றால்? அப்போது 'ரிக்ரெட்' வருகிறது. கிரஹாம் லூம்ஸ், ராபர்ட் சக்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 1980களில் இவ்விரண்டையும் தனித்தனிக் கோட்பாடுகளாகவே வகுத்தார்கள். நான் வேறொன்றைத் தேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்பது ரிக்ரெட். சரியாகத்தான் தேர்ந்தேன், விளைவு கைகொடுக்கவில்லை என்பது டிசப்பாயின்ட்மென்ட். ரயிலை விட்டுப் பேருந்தில் ஏறினீர்கள், ரயில் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் ரிக்ரெட். ஒரே ஒரு பேருந்துதான், அதுவும் வழியில் பழுதாகி நின்றது என்றால் டிசப்பாயின்ட்மென்ட். இந்த வேறுபாட்டை அறிந்த மாணவர், தன் பிழை இல்லாத ஒன்றுக்குத் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது கேள்வி, வழி. முயற்சி நடந்துகொண்டே இருக்கிறது, ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது என்றால் 'ஃபிரஸ்ட்ரேட்டட்'. 'வீணாக' என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் அலையும் பெண் ஃபிரஸ்ட்ரேட்டட். சான்றிதழ் கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டால் டிசப்பாயின்டட். இனி எதற்கும் போகப் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்துவிட்டால் 'டிஸ்கரேஜ்ட்'. தைரியம் போய்விட்டது என்பது அதன் உட்பொருள். இம்மூன்றும் ஒரே கதையின் மூன்று கட்டங்கள். ஆசிரியர் எந்தக் கட்டத்தில் தலையிட வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

இங்கே 'செட்பேக்' என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். இது மனநிலையின் பெயர் அன்று. நடந்த நிகழ்வின் பெயர், பின்னடைவு. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது தொடர்பு அறுந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் முகங்களை நாடே பார்த்தது. அந்த இரவைச் சொல்ல டிசப்பாயின்ட்மென்ட் பொருத்தமான சொல். திட்டத்தைப் பொறுத்தவரை அது செட்பேக் மட்டுமே. சுற்றுக்கலன் தொடர்ந்து வேலை செய்தது, கிடைத்த தரவுகளைக் கொண்டு குறைகளைக் கண்டறிந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 தரையிறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பது நமக்குப் பெருமை. உணர்ச்சிக்கு ஒரு சொல், நிகழ்வுக்கு ஒரு சொல் என்று பிரித்து வைத்திருப்பவர்களால் அடுத்த நாள் வேலைக்குத் திரும்ப முடிகிறது.

வேறு சில சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கிரெஸ்ட்ஃபாலன்' என்றால் கொண்டை சரிந்த சேவல். ஏமாற்றம் முகத்திலும் தோளிலும் வெளியே தெரியும்போது மட்டும் இதைச் சொல்வார்கள். 'டிஸ்மே' என்பதில் ஏமாற்றத்தோடு அதிர்ச்சியும், இனி என்ன ஆகுமோ என்ற கலக்கமும் கலந்திருக்கும். 'ஷக்ரின்' என்பதில் நாலு பேர் முன்னால் தலைகுனிந்த சங்கடம் சேர்ந்திருக்கும். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் கதையே மாறிவிடும்.

பழக்கத்தில் வரும் இலக்கணம்

இனி, பயன்பாடு. நம் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழையிலிருந்து தொடங்குவோம். 'ஐ ஆம் வெரி டிசப்பாயின்டிங்' என்கிறார்கள். மனம் வாடியிருக்கிறேன் என்று சொல்வதாக நினைக்கிறார்கள். கேட்பவர் காதில் 'நான் பிறரை ஏமாற்றமடையச் செய்பவன்' என்று விழுகிறது. உணர்பவர் டிசப்பாயின்டட், உணரச்செய்வது டிசப்பாயின்டிங். முடிவு டிசப்பாயின்டிங், அதைப் பார்த்த நான் டிசப்பாயின்டட். இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் சொல்லச் சொல்லிப் பழக்கினால் போதும். போரிங், இன்ட்ரஸ்டிங், கன்ஃப்யூசிங் எல்லாம் தாமாகச் சரியாகிவிடும்.

அடுத்து, உடன் வரும் சிறு சொற்கள். பொருளோ முடிவோ குறைபட்டால் 'வித்'. செய்தியையோ நிகழ்வையோ சொல்லும்போது 'பை', 'அட்'. ஒருவருடைய குணத்தின் மீது வைத்த மதிப்பு குறைந்தால் 'இன்'. 'டிசப்பாயின்டட் இன் யூ' என்று ஒரு தாயோ ஆசிரியரோ சொன்னால், அது திட்டுவதைவிடக் கனமான சொல். உன் செயலைப் பற்றி மட்டும் பேசவில்லை, உன்னைப் பற்றியே பேசுகிறேன் என்று பொருள்படும். இதை அறியாமல் மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் 'இன் யூ' போட்டுவிட்டால் உறவு கெடும்.

மூன்றாவது, அழுத்தம் கூட்டும் சொற்கள். 'பிட்டர்', 'டீப்', 'கிரஷிங்' இந்தச் சொல்லோடு இயல்பாகச் சேரும். 'பலத்த ஏமாற்றம்' என்று நாம் சொல்வதை வைத்து 'ஹெவிலி டிசப்பாயின்டட்' என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ஒரு சொல்லை அதன் தோழமைச் சொற்களோடு சேர்த்தே அறிய வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் உச்சரிப்பைப் பற்றி 1934இல் ஒரு குறிப்பு நூலும் எழுதியவர். அவர் காட்டிய வழியில், 'டிசப்பாயின்ட்மென்ட்' என்று தனியாகக் கற்பிக்காமல் 'பிட்டர் டிசப்பாயின்ட்மென்ட்' என்று இணையாகக் கற்பியுங்கள்.

தொனியும் முக்கியம். பிரிட்டிஷ்காரர் ஒருவர் 'கொஞ்சம் டிசப்பாயின்டட்' என்று எழுதினால், பெரும்பாலும் அவர் நன்றாகவே அதிருப்தியில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அளவைக் குறைத்துச் சொல்லி அழுத்தத்தைக் கூட்டுவது அவர்கள் வழக்கம்.

ஒரு குழந்தைக்கு வைக்கக் கூடாத பெயர்

இந்தச் சொல்லின் ஒரு பயன்பாட்டை மட்டும் நான் எதிர்க்கிறேன். ஆங்கிலத்தில் உணர்ச்சியை மட்டுமல்லாமல், அதற்குக் காரணமான ஆளையே 'எ டிசப்பாயின்ட்மென்ட்' என்று சொல்லலாம். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஒரு மாணவரின் அறிக்கை அட்டையில் அப்படி எழுதுவது பெரும் பிழை. மதிப்பெண் நம் எதிர்பார்ப்புக்கு வரவில்லை என்றால், அதைச் சொல்லுங்கள். எதிர்பார்ப்பு யாருடையது, அதை அந்தக் குழந்தையிடம் எப்போதாவது சொன்னோமா, எட்டுவதற்கு வழி செய்தோமா என்றும் கேளுங்கள். பாலைவனத்து ஏரிக்கு வழிப்போக்கர் ஒருவர் தன் மனக்குறையைப் பெயராக வைத்துவிட்டுப் போனார். அது மாற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குழந்தைக்கு அத்தனை காலம் கிடையாது.

ஆசிரியப் பெருமக்களே, நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். உதவித்தொகை தாமதமாகும்போதும், வேலைக்கான நேர்காணலுக்குப் பிறகு பதிலே வராதபோதும், விடுதியில் சொன்ன வசதி கிடைக்காதபோதும் அவர்கள்தான் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்கு நான்கு வாக்கியங்கள் போதும். எனக்குச் சொல்லப்பட்டது இது. நடந்தது இது. இதனால் நான் ஏமாற்றம் அடைந்திருக்கிறேன். நான் வேண்டுவது இது. மூன்றாவது வாக்கியத்தில் சரியான சொல் இருந்தால், கெஞ்சலும் இல்லாமல் வசையும் இல்லாமல் கடிதம் நிமிர்ந்து நிற்கும். 'சீட்டட்' என்று எழுதினால் எதிராளி தற்காப்பில் இறங்குவார். 'சாட்' என்று எழுதினால் இரங்கிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். 'டிசப்பாயின்டட்' என்று எழுதும்போது, எனக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, அது நியாயமானது என்ற உரிமையும் கூடவே பதிவாகிறது.

ஆகவே, அடுத்த வகுப்பில் சொற்பட்டியலைச் சற்றே ஒதுக்கிவையுங்கள். மாணவர்களையே தங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். எதை எதிர்பார்த்தாய், யார் பொறுப்பு, வழி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லி முடித்த பிறகு, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை எடுத்துக் கொடுங்கள். அப்படி வந்த சொல்லை அவர்கள் மறக்க மாட்டார்கள். தேவைப்படும் நாளில் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்துவார்கள்.